பட்டத்துக்கும் சான்று அட்டை பார்க்க வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்ததும் கிராமத்து வீடுகளில் ஒரு புதிய கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பையனோ பெண்ணோ உயிரியல் பிரிவில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். அந்தப் பிரிவில் சேர்த்தபோது டாக்டராக வேண்டும் என்பதே எண்ணம். நீட் தேர்வில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இன்னொரு வருஷம் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வசதியும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் உறவினர் ஒருவர் வழி சொல்கிறார்.

"மச்சான், புள்ளையச் சும்மா வீட்டுல வெக்காதீங்க. பக்கத்து டவுன் காலேஜுல பி.எஸ்சி. பயோடெக்னாலஜி இருக்குது. சேர்த்துவிடுங்க."

"அது படிச்சா என்ன வேலைங்க மாப்பிள்ளை?"

"அதெல்லாம் படிச்சு முடிச்சாத் தானா வரும்."

பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. மறுவாரம் கறவை மாடு ஒன்று சந்தைக்குப் போகிறது. நகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. பெண் கல்லூரிக்குப் போகிறாள்.

இதே விவசாயி நெல் விதை வாங்கப் போனால் எப்படி நடந்துகொள்கிறார்? மூட்டையில் நீல நிறச் சான்று அட்டை தைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். ரகம் என்ன, குவியல் எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும் என்று வாசிக்கச் சொல்கிறார். முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். தமது மண்ணுக்கும் பட்டத்துக்கும் அந்த ரகம் ஏற்றதா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். நாலு மாதப் பயிருக்கு இத்தனை விசாரணை. மூன்று ஆண்டுப் படிப்புக்கோ ஒரே ஒரு கேள்வி; அதற்கும் பதில் வரவில்லை.

உயிரியல் படிப்பு மட்டமானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது பெரும்பாலும் நாற்றங்காலைப் போன்றது. நாற்று நன்றாக வளரும். பறித்து நடுவதற்கு வயல் எது என்பதை விதைக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையேல் நாற்று முற்றிப் போகும். உயிரியல் பட்டத்தில் ஏமாந்த குடும்பங்களில் பல, படிப்பினால் ஏமாறவில்லை. அடுத்த வயல் எது என்று கேட்காததால் ஏமாந்தன.

படிப்பின் பெருமை

தாவரவியலும் விலங்கியலும் விவசாயத்துக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. கோவையில் 1912-ஆம் ஆண்டு தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் என்ற தாவரவியல் அறிஞரும் வெங்கட்ராமனும் சேர்ந்து, நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-இல் வெளிவந்த கோ 205 என்ற ரகம் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. சென்னையில் தாவரவியல் படித்துப் பின்னர் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், 1934-இல் அதே நிலையத்தில் சேர்ந்து கரும்பின் இனக்கலப்பு பற்றி ஆராய்ந்தார். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலம் அது.

அண்மைக் காலத்தில் நடந்ததும் உண்டு. 2008-ஆம் ஆண்டு கோவை வட்டாரத்தில் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. எந்த மருந்து அடித்தும் அடங்கவில்லை. அது எந்த இனம், எந்த நாட்டிலிருந்து வந்தது, அந்த நாட்டில் அதை எது தின்று அடக்குகிறது என்பதைப் பூச்சியியல் அறிந்தவர்கள் கண்டு சொன்னார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு பூச்சியைச் சரியாக அடையாளம் காண்பது எத்தனை ஆயிரம் குடும்பங்களைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுப் பட்டத்தோடு முடிந்தவர்களால் நடந்தவையல்ல. அவர்களில் பலர் மேலும் பல ஆண்டுகள் படித்தவர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் வாழ்க்கையே இதற்கு உதாரணம். அவர் முதலில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விலங்கியல் பட்டம் பெற்றார். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்டு மனம் வருந்தி, உழவுக்கு உதவ வேண்டும் என்று தீர்மானித்தார். அதற்கு விலங்கியல் பட்டம் போதாது என்று கண்டு, கோவை வேளாண்மைக் கல்லூரியில் மறுபடி முதலிலிருந்து இன்னொரு பட்டம் படித்தார். அவரே இரண்டு பட்டம் படிக்க வேண்டியிருந்தது என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

மூடியிருக்கும் கதவுகள்

கிராமங்களில் பரவலாக உள்ள தவறான எண்ணம் இது: "செடி கொடியைப் பற்றித்தானே படிக்கிறாள்? வேளாண் அலுவலர் ஆகிவிடலாம்." ஆக முடியாது. தமிழக அரசின் வேளாண் அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம் வேண்டும். தோட்டக்கலை அலுவலருக்குத் தோட்டக்கலைப் பட்டம் வேண்டும். உதவி அலுவலர் பதவிகளுக்குக்கூட வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டயம் கேட்கிறார்கள். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு நான்கு ஆண்டு வேளாண்மைப் பட்டமோ அதைச் சார்ந்த பட்டமோ வேண்டும். தாவரவியலில் தங்கப் பதக்கம் வாங்கியவரானாலும் இந்த விண்ணப்பங்களைப் போட முடியாது.

அதேபோல விலங்கியல் படித்தவர் கால்நடை மருத்துவர் ஆக முடியாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போக வேண்டுமானால் ஆய்வக நுட்பப் பட்டயமோ பட்டமோ தனியாகப் படிக்க வேண்டும். உயிரியல் பட்டம் மருத்துவத்துக்குப் பின்வாசல் என்று சொல்லிச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படி வாசல் ஏதும் இல்லை. எம்.பி.பி.எஸ். சேர நீட் ஒன்றுதான் வழி.

பட்டத்தின் பெயரும் முக்கியம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு 2011-ஆம் ஆண்டு வகுத்த விதிகளில் உயிர்த்தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டங்கள் இடம்பெற்றன. வெறும் தாவரவியல், விலங்கியல் இடம்பெறவில்லை. மறுபுறம், பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தாவரவியலும் விலங்கியலும் நேரான வழி; புதிய பெயர் கொண்ட பட்டங்களுக்கோ அவை அந்தப் பாடத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்க வேண்டும். மூன்று எழுத்துப் பெயர் மாறினால் ஒரு கதவு திறக்கும், ஒரு கதவு மூடும். அழகான பெயரைக் கண்டு மயங்குவது, படம் போட்ட பாக்கெட்டைக் கண்டு விதை வாங்குவது போலாகும்.

திறந்திருக்கும் கதவுகள்

மூன்று ஆண்டுப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய இடங்களும் உண்டு. ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்று சொல்லும் அரசுத் தேர்வுகள் அனைத்தும் எழுதலாம். ஆனால் அதற்கு வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் கூடவே வருவார்கள். உயிரியலுக்கென்று தனிச் சலுகை கிடையாது.

வனத்துறை சற்று வேறு. மத்திய அரசு நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல் பட்டங்கள் தகுதியுள்ளவை. மாநில வனத்துறைப் பதவிகள் சிலவற்றுக்கும் அறிவியல் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். போட்டி கடுமை, உடல் தகுதியும் வேண்டும். மலையோரக் கிராமத்துப் பிள்ளைகள் இதைக் குறி வைத்துப் படிக்கலாம்.

பூச்சிமருந்துக் கடை வைக்க உரிமம் பெறுவதற்கு இப்போது கல்வித் தகுதி கேட்கப்படுகிறது. வேளாண்மைப் பட்டத்தோடு உயிரியல் சார்ந்த அறிவியல் பட்டங்களும் அதற்கு ஏற்கப்படுகின்றன. உரக் கடைக்கு விதி வேறு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊரில் படித்த ஒருவர் கடை வைத்து, நோயைப் பார்த்து மருந்து சொன்னால் ஊருக்கே நல்லது.

தனியார் துறையில் திசு வளர்ப்பு வாழைக் கூடங்கள், விதை நிறுவனங்கள், மருந்துத் தொழிற்சாலைகளின் தரப் பரிசோதனைக் கூடங்கள் ஆகியவை உயிரியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. சென்னையில் மெடிக்கல் கோடிங் என்ற அலுவலக வேலைக்கும் நிறையப் பேர் போகிறார்கள். இவை கௌரவமான வேலைகளே. ஆனால் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. நகரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

உயிரியலுக்கு உரிய நல்ல வேலைகள் மேற்படிப்புக்குப் பிறகே வருகின்றன. ஆகவே படிப்பை மூன்று ஆண்டு என்று எண்ணக்கூடாது.

பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் பி.எஸ்சி. 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு, ஆக 5 ஆண்டு. அதன் பிறகு தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு. மேல்நிலை வகுப்பு ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்சி.யும் சேர்த்து 6, 7 ஆண்டு ஆகும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி.க்குப் பின் நெட் அல்லது செட் தேர்வில் தேற வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகிறவர் நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 முதல் இந்த அளவு. அந்த நிலையை எட்டிய பிள்ளை வீட்டுக்குப் பாரமல்ல. எட்டுவதற்கு முன் 5 ஆண்டுச் செலவை வீடு தாங்க வேண்டும்.

இதற்கு எதிரே வேளாண்மைப் படிப்பை வைத்துப் பார்க்கலாம். பி.எஸ்சி. வேளாண்மை 4 ஆண்டு. வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டயம் 2 ஆண்டு. 1971 முதல் இயங்கும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றை நடத்துகிறது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021-இல் சட்டமாகி, வேளாண்மைக்கும் பொருந்துகிறது. உயிரியல் பிரிவில் படித்த எந்தப் பிள்ளையும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இருந்தும் கடைசித் தேதி தெரியாமல் விட்டுவிட்டுப் பிறகு தாவரவியலில் சேருபவர்கள் உண்டு. வேளாண்மைப் பட்டம் பெற்றவர்களுக்கெல்லாம் உத்தியோகம் காத்திருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அங்கும் பதவிகள் குறைவு, பட்டதாரிகள் அதிகம். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதாவது தெரிந்திருக்கும். தனியார் வேளாண்மைக் கல்லூரியில் பெரும் பணம் கட்டிச் சேருமுன், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

கல்லூரியை நேரில் பார்க்க வேண்டும்

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் கூலியை விட்டாவது கல்லூரிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. கட்டடத்தைப் பார்த்து வர வேண்டாம். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். நுண்நோக்கிகள் எத்தனை, அவற்றில் ஓடுவது எத்தனை என்று கேட்க வேண்டும். நுண்நோக்கியின் மேல் தூசு படிந்திருந்தால் அங்கே பாடம் கரும்பலகையில்தான் நடக்கிறது என்று பொருள். உலர்த்தி ஒட்டிய செடித் தொகுப்பு உண்டா, மாணவர்கள் வயலுக்கும் காட்டுக்கும் போகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். உயிர்த்தொழில்நுட்பம் என்றால் கருவிகள் விலை அதிகம். அவை இல்லாமல் அந்தப் படிப்பை நடத்துவது ஏர் இல்லாமல் உழவு சொல்லிக்கொடுப்பது போன்றது.

அடுத்து, சென்ற மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று துறைத் தலைவரைக் கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர் நேர்மையாகச் சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால் கல்லூரி வாசலில் நிற்கும் கடைசி ஆண்டு மாணவர்கள் இருவரைக் கேட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

அரசுக் கலைக் கல்லூரியில் உயிரியல் பாடங்களுக்கு ஆண்டுக் கட்டணம் மிகக் குறைவு. பக்கத்தில் தனியார் கல்லூரியில் அதைப்போலப் பல மடங்கு. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தில் இணைந்தவையானால் பட்டச் சான்றிதழ் ஒன்றே. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகியவற்றில் மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. சேரும் ஆண்டில் உள்ள விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு உயிரியல் பட்டத்துக்காக நிலத்தை விற்பதும், கந்துவட்டிக்கு வாங்குவதும் எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. மேற்படிப்புக்குத்தான் அதிகம் செலவாகும். கையிருப்பை அதற்கு மிச்சம் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

பெண் பிள்ளை விஷயம்

கிராமங்களில் உயிரியல் வகுப்பறைகளில் பெண்களே அதிகம். இதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமல்ல. "கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு பட்டம் வேண்டும், ஏதாவது படிக்கட்டும்" என்ற எண்ணமும் உண்டு. பையனுக்கு வேலையை நினைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் தகப்பன், பெண்ணுக்குப் பஸ் வசதியை நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார். மூன்று ஆண்டு உழைத்துப் படித்த பெண், எம்.எஸ்சி. இடம் கிடைத்தும் அனுப்பப்படாமல் வீட்டில் நிற்பது அவளுக்கு மட்டும் நஷ்டமல்ல, அதுவரை செலவழித்ததும் வீண். உயிரியலில் சேர்ப்பதானால் மேற்படிப்புக்கும் அனுப்புவது என்று அன்றே முடிவு செய்ய வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால், கைத்தொழிலாக முடியும் வேளாண்மைப் பட்டயம், ஆய்வக நுட்பம், செவிலியர் படிப்பு ஆகியவற்றை முதலில் யோசிக்க வேண்டும். அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

வரப்பில் நடக்கும்போது ஒரு இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் இருக்கும் முட்டையைக் காட்டி "இது என்ன பூச்சிங்கப்பா?" என்று கேட்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. நாலு புத்தகம் தேடிப் பதிலைக் கண்டுபிடிக்கும் வரை அவர்களுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உயிரியல் பட்டம் சரியான வழி. வீடு கொஞ்சம் கஷ்டப்பட்டாவது கடைசி வரை படிக்க வைக்கலாம். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது போல நாளைக்கு இன்னொன்று வரும். அதைக் கண்டு சொல்ல ஆள் வேண்டும். மருத்துவம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் வருகிற பிள்ளைக்கு இது நீண்ட, வறண்ட பாதையாகத் தோன்றும்.

காளான் வளர்க்கலாம், தேனீ வளர்க்கலாம், மண்புழு உரம் தயாரிக்கலாம் என்று சொல்லி உயிரியல் பட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கிறது. இவை நல்ல தொழில்கள். ஆனால் இவற்றைக் கற்க மூன்று ஆண்டும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். 1974-இல் புதுச்சேரியில் முதல் நிலையம் தொடங்கி இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் சில நாள் பயிற்சியில் இவற்றைக் கற்றுத்தருகின்றன.

அரசும் கல்லூரிகளும் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு துறையும் தன் பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சேர்க்கை அறிவிப்போடு வெளியிட வேண்டும். விதைக்கு முளைப்புத் திறனை எழுதச் சட்டம் இருக்கும்போது படிப்புக்கு ஏன் இருக்கக்கூடாது? தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் பயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு வர ஓராண்டு இணைப்புப் படிப்பு ஒன்றை ஏற்படுத்துவதும் பயன் தரும். பூச்சியை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் வேலையின்றி நிற்பதும், பூச்சி தெரியாமல் விவசாயி கண்ட மருந்தை அடிப்பதும் ஒரே ஊரில் நடக்கக்கூடாது.

அதுவரை விவசாயிகள் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகள் கேட்கட்டும். இந்தப் பட்டத்தோடு மட்டும் என்ன வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? நல்ல வேலைக்கு இன்னும் எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்? அத்தனை ஆண்டுக்கும் மொத்தம் என்ன செலவு? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே? பிள்ளைக்கு இதில் உண்மையில் விருப்பம் உண்டா? ஐந்துக்கும் பதில் கிடைத்தால் தைரியமாகச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் விசாரிப்பதில் நஷ்டம் ஏதும் இல்லை.